மஞ்சக்காணி விலைக்கு ஒரு வண்டி

என் வீட்டுக்காரர் லாரி லைனில் இருந்தது பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷத்தில் வீட்டில் தங்கிய நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. எங்கள் கோவில்பட்டியில் பஞ்சுப் பேல் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போவார். அங்கே என்ன லோடு கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போவார். திரும்பி வர இருபது நாளும் ஆகும், முப்பது நாளும் ஆகும். வந்தால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தூங்குவார். முழித்துக் குளித்துச் சாப்பிட உட்காரும்போது முதலாளி ஆள் விடுவார், லோடு ரெடி என்று. மகளுக்கு அப்போது ஆறு வயது. அவர் வந்த முதல் நாள் என் முந்தானைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். பழகி மடியில் ஏறுகிற நேரத்துக்கு அவர் கிளம்பிவிடுவார்.

ஒரு தடவை வடக்கே எங்கோ மலைப்பாதையில் லாரி சாய்ந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பக்கத்தில் இருந்த கிளீனர் வரவில்லை. அவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று மாதம் வீட்டில் இருந்தார். எலும்பு முறிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பாவம்தான். ஆனாலும் பட்டேன். தினமும் காலையில் எழுந்து பார்க்கும்போது அவர் அங்கேயே படுத்திருப்பார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

எலும்பு கூடியதும் முதலாளி ஆள் விட ஆரம்பித்தார். தை பிறந்ததும் வருகிறேன் என்று இவரும் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் போய் முன்னால் நின்றேன்.

"நீங்க இனிமே லைனுக்குப் போகக்கூடாது. நான் மஞ்சக்காணிய விக்கேன். சின்னதா ஒரு வண்டி வாங்குவோம். இங்கனயே சுத்துப்பட்டு ஊருக்கு ஓட்டுங்க. பொழுது அடையயில வீட்டுக்கு வாங்க."

"ஏட்டி, என்ன பேசுதேன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

தெரிந்துதான் பேசினேன். மஞ்சக்காணி என்றால் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் எழுதி வைக்கிற நிலம். எனக்கு அப்பா எழுதி வைத்தது மூன்று ஏக்கர் கரிசல், இடைசெவலுக்குக் கிழக்கே எங்கள் ஊரில். அதில் புருஷனுக்கும் பாத்தியதை கிடையாது, மாமியாருக்கும் கிடையாது. விற்பதும் வைத்துக்கொள்வதும் என் இஷ்டம். அதை விற்ற பெண்ணை ஊரில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். அப்பா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார். அவர் இல்லை, சித்தப்பாதான் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். எப்போது விற்றாலும் எனக்கே கொடு தாயி என்று பல தடவை சொல்லியிருந்தார்.

கணக்கு எளிதானது. நிலமும் அவர் சேர்த்து வைத்திருந்ததும் சேர்ந்தால் ஒரு பழைய வண்டி வரும். புது வண்டியைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. வாங்கின வண்டி ஓடவில்லை என்றால் நிலமும் போய், அவரும் மறுபடி லைனுக்குப் போய்விடுவார். இரண்டாவது தடவை தோள்பட்டையோடு முடியும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

தேரடிப் பக்கம் பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருந்த பாய் ஒருத்தர் எங்களுக்குப் பழக்கம். அவரிடம் சொல்லி வைத்தோம். பத்து நாளில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, ரெண்டு வண்டி இருக்கு. ஒண்ணு மதுரையில, மிலிட்டரி ஏலத்துல எடுத்த ஜீப்பு. நாலு சக்கரமும் இழுக்கும். எந்தச் சேத்துலயும் போகும். இன்னொண்ணு விருதுநகர்ல, சோடாக் கம்பெனியில ஓடின பிக்கப் வேன். முன்னால ரெண்டு பேரு உக்காரலாம், பின்னால தொறந்த பாடி, நல்லா மூட்டை அடுக்கலாம். ஜீப்புக்கு ஒங்க காணி மூணு ஏக்கரும் போயிரும். பின்னால மாட்டுத டிரெய்லருக்கு அண்ணாச்சி சேத்து வச்சதும் போயிரும். வேன் அந்த அளவுக்கு இல்ல. பர்மிட் சோலிய நான் பாத்துக்கிடுதேன். எது வேணும்னு ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க."

ரெண்டு பேரும் பேசிச் சொல்வதாம்! ஜீப் என்ற சொல் காதில் விழுந்ததுமே என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். யுத்தம் நடந்த காலத்தில் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர் அவர். அசாம் காட்டில் ஜீப் ஓட்டியிருக்கிறார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ உண்டு. இருபது வயதுப் பையனாக, மெலிந்து, ஜீப்பின் பானெட் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். கல்யாணப் போட்டோவில்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

"கரிசக்காட்டுல வேனு என்ன செய்யும்? ஒரு மழை பெய்யட்டும், அச்சு வரைக்கும் இறங்கிரும். அப்புறம் நாலு ஜோடி மாடு பூட்டித்தான் இழுக்கணும்" என்றார்.

அதில் தப்பு சொல்ல முடியாது. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பத்து அடி நடப்பதற்குள் காலில் ஆளுக்கு இரண்டு படி மண் ஒட்டிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வதா, காலோடு போட்டு இழுப்பதா என்று தெரியாது. வண்டிப்பாதை எல்லாம் களிக்கூழாகிவிடும். ஆனாலும் மூட்டை ஏற்றத்தானே வண்டி? ஜீப்பின் பின்னால் என்ன கொள்ளும்? பருத்தி அடைத்த பெரிய தாட்டுச் சாக்கு இரண்டு வைத்தால் நிறைந்துவிடும். டிரெய்லர் மாட்டினாலும் வேன் அளவுக்கு வராது. நான் வேன் என்றேன். அவர் ஜீப் என்று ஒற்றைக் காலில் நின்றார். மூன்று நாள் வீட்டில் தட்டும் செம்பும்தான் பேசின.

பாய்தான் வழி சொன்னார். ஜீப்பை ஒரு நாளைக்கு வாங்கித் தருகிறேன், பெட்ரோல் உங்களுடையது, காட்டுக்குள் ஓட்டிப் பாருங்கள், அப்படியே நாலு ஊருக்குப் போய் மாசி பங்குனிக்கு லோடு உண்டா என்றும் பேசி வைத்துவிட்டு வாருங்கள் என்றார். மறுநாள் வேனைப் பார்க்கலாம். அதற்கு மறுநாள் பதில் சொல்லிவிட வேண்டும், இரண்டு வண்டிக்கும் வேறு ஆள் காத்திருக்கிறது.

கார்த்திகை மாதம். இரண்டு நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். அன்றைக்கு நான் என்ன உடுத்தியிருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நடந்ததில் பாதி என்னால்தான். பம்பாயிலிருந்து அவர் வாங்கி வந்த வெள்ளை வாயில் சேலை ஒன்று இருந்தது, கரையில் மட்டும் நீலம். அதைக் கட்டிக்கொண்டேன். அவர் வாங்கி வந்த கறுப்புக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பிறந்த ஊருக்கு ஜீப்பில் போகிறோம், நாலு பேர் பார்க்கட்டுமே என்ற ஆசைதான். அவர் காக்கிச் சட்டையும் காக்கி நிஜாரும். காக்கி போடாவிட்டால் அவருக்கு ஸ்டீரிங்கில் கை வராது.

மெயின் ரோட்டில் போகிற வரைக்கும் எனக்கு ஜீப் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இடுப்பு எலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு போகலாம், அப்படி ஒரு ஆட்டம். இடைசெவல் தாண்டி, பாதை பிரிகிற விலக்கில் கிழக்கே திரும்பி, வண்டிப்பாதையில் இறங்கினோம். அரை மைலில் ஓடை. தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடு ஓடையில் ஒரு மாட்டு வண்டி சிக்கிக்கொண்டு, ஒருத்தர் மாட்டை அவிழ்த்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். இவர் பிரேக் போட்டார். கியர் கம்புக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு சின்னக் கம்பைத் தள்ளினார்.

"பிடிச்சுக்கோட்டி" என்றார்.

ஜீப் உறுமியது. நாலு சக்கரமும் சேற்றைப் பிடித்துப் பிடித்து ஏறின. மாட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, அக்கரைக்கு வந்துவிட்டோம். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் போட்டோவில் இருந்த பையன் உட்கார்ந்திருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் என் மனசு மாறிவிட்டது. மூட்டை குறைவாக ஏறினால் ஏறிவிட்டுப் போகிறது, இரண்டு நடையாக அடிக்கலாம், இந்த வண்டியையே வாங்கிவிடுவோம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்ல ரோஷம் விடவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்த ரோஷத்துக்கு இன்றைக்கும் ஒரு கும்பிடு.

முதல் ஊர் வந்தது. ஊரில் ஒரு ஈ காக்கை இல்லை.

வண்டியை ஊர்ப் பொது மடத்துக்கு முன்னால் நிறுத்தினோம். அடுப்புகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் அம்மியில் பாதி அரைத்த துவையல் அப்படியே இருந்தது, குழவி கீழே உருண்டு கிடந்தது. கோழிகள் மட்டும் மேய்ந்தன. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. சாவு ஏதும் விழுந்து எல்லோரும் சுடுகாட்டுக்குப் போயிருக்கிறார்களோ என்று நினைத்தேன். அப்படியானால் பெண்கள் எங்கே?

மடத்துத் தூணில் சாய்ந்து ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் எட்டாத தூரத்தில் கிடந்தது. எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"எனக்கு வயசாகிப் போச்சு தாயே. பேரன் பேத்தி மட்டும் ஒம்போது. எனக்கு எதுக்கு ஆப்பரேசன்? என்ன விட்டுருங்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் என் சேலையைப் பார்த்தேன். கைப்பையைப் பார்த்தேன். காக்கி உடுப்பைப் பார்த்தேன். குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஜீப்பின் சத்தம் தூரத்தில் கேட்டதும் ஆம்பிளைகள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள் என்று டவுனில் கேலி பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேலிக்குள் நானே நர்சம்மாவாகப் போய் நிற்பேன் என்று நினைக்கவில்லை.

"தாத்தா, நாங்க அவுக இல்ல. மொளகா வத்தல் மூடை, பருத்தி மூடை ஏத்த வந்திருக்கோம்" என்று இவர் சொன்னார்.

"எல்லாரும் அப்படித்தாம்யா ஏதாச்சும் சொல்லுதாங்க" என்றார் கிழவர்.

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தோம், ஹாரன் அடித்தோம். ஹாரன் அடித்ததில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேரும் ஓடியிருப்பார்கள். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. என் ஊருக்குப் போவோம், அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்று சொல்லி வண்டியை எடுக்கச் சொன்னேன்.

என் ஊரிலும் அதே கதைதான். தெருவில் நான் இறங்கிப் பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறந்த ஊரில் என்னைக் கண்டு கதவைச் சாத்துகிறார்களே! அப்போது ஒரு வீட்டுக் கொல்லையில், அடுப்பெரிக்க அடுக்கி வைத்திருந்த பருத்திமார் படப்புக்குப் பின்னால், ஒரு குழந்தையின் இருமல் கேட்டது. உடனே நின்றும் போனது. போய் எட்டிப் பார்த்தேன்.

காய்ந்த செடிகளுக்கு நடுவே ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. அதன் வாயைத் தன் கையால் பொத்தியிருந்தாள். குழந்தைக்கு முகம் சிவந்துவிட்டது. சின்ன வயதில் என்னோடு ஒரே நிரையில் பருத்தி எடுத்தவள் அவள்.

"ஏட்டி, கைய எடுட்டி! பிள்ளைக்கு மூச்சு முட்டுது!" என்று கத்தினேன்.

கையை எடுத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? நீ எப்பட்டி ஊசி போடுத வேலைக்குப் போன?" என்றாள்.

என்னவென்று சொல்ல? பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போன மாதம் ஒரு ஜீப் வந்து அம்மை குத்திவிட்டுப் போனதில் மூத்த பிள்ளைக்கு ஒரு வாரம் காய்ச்சலாம். இரண்டு வாரம் முந்தி இன்னொரு ஜீப் வந்து அவள் புருஷனைக் கேட்டதாம். "ஜீப்புல வந்து யாருட்டி இங்கன நல்லது பண்ணியிருக்காக? சத்தம் கேட்டாலே போட்டது போட்டபடி ஓடுதோம். பிள்ளைய எங்க ஒளிக்கன்னுதான் தோணும்" என்றாள். குழந்தை இன்னும் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது. என்னால் அல்லவா அந்தப் பச்சைப் பிள்ளை மூச்சு முட்டிக் கிடந்தது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

ஊர் மெல்ல மெல்லத் திரும்பியது. அவள்தான் தெருவில் நின்று சத்தம் கொடுத்தாள். சித்தப்பாவை மட்டும் காணவில்லை. எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் ஒருத்தர் கிழக்கே கையைக் காட்டினார். சித்தப்பா ஓடி ஒளிந்திருந்த இடம் என்னுடைய மஞ்சக்காணி.

செருப்பை அவிழ்த்துவிட்டு, வெள்ளைச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, நானே காட்டுக்குள் நடந்தேன். விற்கப் போகிற நிலம், ஒரு தடவை மிதித்துக்கொள்வோம் என்றும் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் மண் காலைப் பிடித்து இழுத்தது. பருத்தி அப்போதுதான் முளைத்து நாலு இலை விட்டிருந்தது. ஊடே பாசிப்பயறு. தூரத்தில் வரப்பு ஓரத்து உடைமரத்தடியில் சித்தப்பா, முழங்கால் மட்டும் சேறாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான்தான் என்று தெரிந்ததும் வெட்கம் தாங்காமல் பாசிப்பயற்றுச் செடியைப் பார்க்க வந்தவர் மாதிரி குனிந்துகொண்டார்.

அவரிடம் போய்ச் சேரவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டேன். காலுக்குக் கீழே பார்த்தேன். நாலு இலை. இது வளர்ந்து பூத்துக் காய்த்து வெடிக்கப் பங்குனி சித்திரை ஆகும். வத்தல் வர மாசி ஆகும். அப்போது இந்த மண் எப்படி இருக்கும்? கை நுழைகிற அளவுக்கு வெடித்து, வண்டிப்பாதை கல்லாகக் காய்ந்து, சைக்கிள்கூடச் சலசலவென்று ஓடுமே! ஓடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காதே! சேறு இருக்கிற மாதத்தில் ஏற்றுவதற்கு ஒரு மூட்டை கிடையாது. மூட்டை வருகிற மாதத்தில் சேறு கிடையாது. கரிசலில் பிறந்து, கரிசலில் பருத்தி எடுத்து வளர்ந்தவள், நாலு சக்கரமும் இழுக்கிறது என்றதும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னை நானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன். அங்கேயே நின்று சிரிக்கவும் செய்தேன். சித்தப்பா தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துப் பல வருஷம் அதைச் சொல்லிக் காட்டினார்.

அங்கிருந்து திரும்பினோம். விலக்கு வந்ததும் இவர் ரோட்டோரம் நிறுத்தினார். இறங்கி, பழந்துணியை எடுத்து, ஜீப்பில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

"யுத்தத்துல எதிரிகூட என்னக் கண்டு இந்த ஓட்டம் ஓடலட்டி" என்றார்.

நான் காட்டில் நினைத்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே துடைத்தார்.

"பெயிண்ட மாத்திட்டாப் போச்சு. சிவப்பு அடிப்போம். ஜனங்க பழகிக்கிடுவாங்க."

"பெயிண்ட மாத்துவீங்க, சட்டைய மாத்துவீங்க. சத்தத்த எப்படி மாத்துவீங்க? அங்கன ஒருத்தி பெத்த பிள்ளை வாயப் பொத்திட்டு உக்காந்திருந்தா. மூணு ஏக்கரையும் தூக்கிக் குடுத்து அதத்தான் வாங்கணுமா?"

"அப்போ நான் லைனுக்கே போயிருதேன். எனக்கு எந்த வண்டியும் வேண்டாம்."

அந்தச் சொல் என் நெஞ்சில் கல்லாக விழுந்தது. சண்டை போட்டு ஜெயிக்கிற விஷயம் இல்லை இது என்று அப்போதுதான் தெரிந்தது. அவரைத் தோற்கடித்தால் அவர் போய்விடுவார். போனால் எந்த மலைப்பாதையோ? அந்தக் கைப்பையைக் கழற்றி சீட்டில் வைத்தேன்.

"ஓடையில ஒங்க முகத்தப் பாத்தேன். எனக்கே இதுதான் வேணும்னு ஆயிட்டு. ஒங்க ஆசை எனக்குத் தெரியாம இல்ல. ஆனா எனக்கு ஜீப்பும் வேண்டாம், வேனும் வேண்டாம். நீங்க பொழுது அடையயில வீட்டுக்கு வரணும். எந்த வண்டி ஒங்கள தினமும் கூட்டிட்டு வருமோ அத வாங்குங்க. நான் இனிமே பேசல."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. பானெட்டை முழுசாகத் துடைத்து முடித்தார். அதன் மேல் ஒரு கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். பாய் கடைக்கு முன்னால் சாவியைக் கொடுக்கும்போது, "காலையில விருதுநகர் போவோம் பாய்" என்றார். அவ்வளவுதான்.

வேன் பார்க்க லட்சணமாக ஒன்றும் இல்லை. முன் கதவு ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இரண்டு கதவிலும் பெரிதாக ஒரு சோடா பாட்டில் வரைந்து, அதற்குள் சிவப்பாகக் கலர் சோடா பொங்குகிற மாதிரி பெயிண்ட் அடித்திருந்தது. இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினார். விருதுநகர் எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் கிராமத்துத் தெருவுக்குள் திரும்பியதுதான் தாமதம், "கலர் வண்டி! கலர் வண்டி!" என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்தன. பின்னால் தொற்றின. ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு வாசலுக்கு வந்து, கலர் என்ன விலை என்று கேட்டாள். இவர் வண்டியை நிறுத்தி, கலர் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஹாரனை இரண்டு தடவை அடித்தார். பிள்ளைகள் கைதட்டின. மூன்றாவது தடவையும் அடித்தார். அப்போது அவர் முகம் ஓடையில் பார்த்த முகம் இல்லைதான். ஆனாலும் சிரித்த முகம்.

எஞ்சினை இறக்கிப் பழுது பார்த்ததும் சேர்த்து இரண்டு ஏக்கர் போதுமானதாக இருந்தது. ஒரு ஏக்கர் தப்பித்தது. நிலத்தை வாங்கிய சித்தப்பாவுக்குத்தான் மூன்றும் கிடைக்கவில்லையே என்று வருத்தம். கதவில் இருந்த பாட்டிலை அழிக்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அந்த ஜீப்பை யாரோ ஒரு பண்ணைக்காரர் வாங்கினதாகப் பாய் பிறகு சொன்னார். அவரைக் கண்டு யார் யார் ஓடினார்களோ, தெரியாது. தை பிறந்ததும் லாரி முதலாளி ஆள் விட்டார். வந்த ஆளுக்கு நான்தான் மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு அந்த மோரைப் போல ருசியான மோர் அவன் குடித்திருக்கமாட்டான்.

மாசிக் கடைசியில் முதல் லோடு. என் ஊரில் வத்தல் மூட்டை. விடிந்ததும் கிளம்பிப் போனார். நான் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கப் போய்விட்டு, சாயங்காலம் வந்து உலை வைத்தேன். வாசலில் வருகிற போகிறவர்களிடமெல்லாம், அவர் இப்போது வந்துவிடுவார், பொழுது அடைவதற்குள் வந்துவிடுவார் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னபடியே வந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்டது. மகள் ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டு வந்தாள். எட்டு மூட்டை ஏற்றியதாகவும், பருத்திமார் படப்புக்காரி குழந்தையோடு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து டவுன் வரைக்கும் வந்ததாகவும், வத்தல் நெடியில் இரண்டு பேரும் தும்மித் தீர்த்ததாகவும் சொல்லிக்கொண்டே கை கால் கழுவினார். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சோற்றுப் பானையைத் திறந்தேன். எனக்கும் மகளுக்கும்தான் சோறு இருந்தது.

பானையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வருவார் என்று தெருவெல்லாம் சொன்னது நான். நிலத்தை விற்றது நான். ஆனாலும் அரிசியை அளந்து போட்ட என் கை அதை நம்பவில்லை. லோடு என்று அவர் கிளம்பிவிட்டால் இத்தனை வருஷம் அளந்த அதே அளவைத்தான் அன்றைக்கும் போட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

"என்னட்டி, எனக்கு இல்லையா?" என்று எட்டிப் பார்த்தார். பார்த்ததும் விளங்கிக்கொண்டார். எழுந்து வந்து அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விறகைத் தள்ளிவிட்டார்.

மறுபடி அரிசி களைந்து உலையில் போட்டேன். அது வேகிற வரைக்கும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மகள் அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். சோறு மெதுவாகத்தான் வெந்தது. அவருக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.